ஒரே தாக்கு

நான் அளக்கிறவன்.
கல் நடுவதற்கு ஒரு கூலி,
கல் பிடுங்குவதற்கு அதைவிடக் கொஞ்சம் கூட.

குறிஞ்சிப்பாடி தாண்டி, பெருமாள் ஏரிக் கடைமடையில்
கம்பெனி வாங்கிய நாற்பத்தோரு ஏக்கரை
ஒரே தாக்காக்கித் தரச் சொன்னார்கள்.
இருபத்தாறு பட்டா. இருபத்தாறு பத்திரம்.
எட்டில் கைநாட்டு.

வரப்பையெல்லாம் கலைத்தால்
ரெண்டு ஏக்கர் பன்னிரண்டு சென்ட்
கூடுதல் சாகுபடி என்று
கணக்குப் போட்டுக் கொடுத்தவன் நானேதான்.
வரப்பில் துவரை நின்றது.
அதைச் சேர்க்க என் தாளில் கட்டம் இல்லை.
துவரை மறைவில் யாரோ வைத்துவிட்டுப் போன
தூக்குவாளி ஒன்றும் இருந்தது.

விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.
அரை ஏக்கருக்குள் திரும்ப இடமில்லையென்று
அறுவடை மிஷின்காரன் மணிக்கு முந்நூறு கூடக் கேட்டான்.
கொள்முதல் நிலையத்தில் மூன்று ராத்திரி
மூட்டை மேல் படுத்திருந்துவிட்டு
ஈரப்பதம் இருபது என்று திரும்பி வந்தவர் பட்டுசாமி.
பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது
பேனாவை உதறி உதறிப் பார்த்தார்.
மை வந்துகொண்டுதான் இருந்தது.

நடுவே அறுபத்திரண்டு சென்ட் மட்டும்
படத்தில் வெள்ளையாக நின்றது.
கோலஞ்சி மனைவி அஞ்சலாட்சி பெயரில்.

"கொடுத்துடும்மா, வழியை அடைச்சிடுவாங்க."

அவள் கிச்சிலிச் சம்பாத் தாளை மிதித்து நடந்துகொண்டே சொன்னாள்:
"உப்பு உரம் போடாம ஆறு போகம் எடுத்தாச்சு.
மஞ்சக்குப்பம் போயி மனு கொடுத்தேன்.
பணம் இருக்காம், சான்று இருக்காம், எல்லாம் இருக்காம்.
ஆனா அம்பது ஏக்கர் ஒட்டினாப்புல இருக்கணுமாம்.
கம்பெனி கேக்கறதும் ஒரே தாக்கு,
கவர்மெண்டு கேக்கறதும் ஒரே தாக்கு.
துண்டா கெடக்கறவ எந்தப் படத்துல நிக்கறது?"

டேப்பைச் சுருட்டினேன்.
அது வழக்கத்தைவிட நீளமாக இருந்தது.

பங்குனியில் வீட்டு வாசலில் வந்து நின்றாள்,
கூடப் பத்துப் பேர்,
மஞ்சப்பையில் எழுபத்து மூன்று சிட்டா நகல்.
கூட்டிப் பார்த்தேன்: ஐம்பத்தோரு ஏக்கர் சொச்சம்.
ஆனால் கம்பெனிக்குக் கிழக்கே கொஞ்சம், மேற்கே கொஞ்சம்,
கோணி கிழிந்து கொட்டிய உளுந்து மாதிரி.

"ஒட்டலியேம்மா."
"வாய்க்கா ஒட்டுதே" என்றாள்.
பிறகு, "கூலி அடுத்த அறுப்புக்கு."

எனக்கு எல்லைதான் தெரியும்.
இருபது வருஷமாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் யார்,
அந்தப் பக்கம் யார் என்பதே பிழைப்பு.
அன்றைக்குக் கல்லையெல்லாம் விட்டுவிட்டு
மதகிலிருந்து நீல மையில் ஆரம்பித்தேன்.
பிரிவாய்க்கால், கன்னிவாய்க்கால், மடை.
எழுபத்து மூன்று துண்டும்
ஒரே கொடியில் அவரைக்காயாகத் தொங்கின.
நாற்பத்தோரு ஏக்கரும் அதே கொடியில்தான்.
பெரிய காய், அவ்வளவே.

மனு மஞ்சக்குப்பம் போயிற்று.
அங்கிருந்து சென்னை போயிற்று என்றார்கள்.
சித்திரையில் கம்பெனி வரப்பைக் கலைத்தது,
நான் போட்ட கணக்குப்படி, ஒரு சென்ட் பிசகாமல்.
அந்தக் காசில்தான் மகளுக்கு ஃபீஸ் கட்டினேன்.

புரட்டாசியில் தாள் திரும்பி வந்தது, ஒரு வரியோடு:
"தொடர்புடைய வாய்க்கால் யார் பெயரில் உள்ளது?
விளக்கம் தேவை."

எடுத்துக்கொண்டு போனபோது பொழுது சாய்ந்திருந்தது.
முழங்கால் சேற்றில் மடை திருப்பிக்கொண்டிருந்தாள்.
புறம்போக்கு என்று எழுதி அனுப்பலாமா என்றேன்.
மண்வெட்டியை ஊன்றி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"இன்னிக்கு ராத்திரி என் பேர்ல.
கோழி கூப்பிட்டா செம்புலிங்கம் பேர்ல.
வெயில் ஏறினா மேலத்தெரு ராயப்பன்.
எழுதிக்க, சொல்லிக்கிட்டே வரேன்."

படிவத்தில் கட்டம் ஒரு பெயருக்குத்தான்.
தாளைப் பின்பக்கம் திருப்பினேன்.